எழும்பூருக்கும் சென்ட்ரலுக்கும் நடுவே ஒரு பகல்

இது நடந்தது எழுபத்து நான்கிலா, எழுபத்தைந்திலா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கோடைக்காலம் என்பது மட்டும் நிச்சயம். கதைக்குள் புதிதாகப் போட்ட மாங்காய் ஊறுகாய் ஒரு ஜாடி வருகிறது. வேறு மாதமாக இருந்தால் அது வந்திருக்காது. யார் எந்தச் சொல்லைச் சொன்னார்கள் என்பதுகூட சில இடங்களில் முன்பின்னாக மாறியிருக்கலாம். ஆனால் அந்த மூன்று நாளும் அன்னாமேரிக்கு வயிறு எப்படி எரிந்தது என்பதில் தவறு இருக்காது. அதைப் பிற்காலத்தில் அவளே பலமுறை சொல்லியிருக்கிறாள்.

ஒரு வியாழக்கிழமை பகல், அடுப்பில் வைத்த உலையை இறக்கிவிட்டு, அரியூரிலிருந்து வில்லியனூர் வரை வெயிலில் நடந்தே வந்தாள் அவள். ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்தது மரியசுந்தரத்தின் வீடு. அவர் எழும்பூர் ஸ்டேஷனில், பயணிகள் தங்கள் சாமான்களை விட்டுச் செல்லும் க்ளோக் ரூமில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். போன கிறிஸ்துமஸுக்குக் கோயிலில் காணாமல் போன பித்தளை மெழுகுவர்த்தித் தாங்கியை, உட்கார்ந்த இடத்தைவிட்டு நகராமலே கண்டுபிடித்துக் கொடுத்ததிலிருந்து சுற்றுவட்டாரத்தில் அவருக்கு ஒரு பேர். அதிகம் பேசமாட்டார். அவருக்கும் சேர்த்து அவர் மனைவி அமிர்தம் பேசுவாள்.

"உள்ள வாடி அன்னாமேரி, இன்னா இப்பிடி மூஞ்சி வீங்கிக் கெடக்கு? உம் புருஷன் அடிச்சானா?" என்றாள் அமிர்தம்.

"அடிச்சிருந்தா தேவல பெரியம்மா."

அவள் முந்தானையில் முடிந்திருந்த ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினாள். முந்தின நாள் தபாலில் வந்தது. கையெழுத்துப் போடாத மொட்டைக் கடிதம். எழுத்துகள் கோணல் மாணலாக, இடது கையால் எழுதியதுபோல் இருந்தன. அமிர்தம் உரக்கப் படித்தாள்.

"அன்னாமேரிக்கு. உன் புருஷன் பிலவேந்திரன் உன் தங்கச்சியைப் பெங்களூர் ரயில் ஏற்ற மெட்ராஸ் போனானே, அன்றைக்கு நடந்தது உனக்குத் தெரியுமா? எழும்பூரில் மூட்டையை க்ளோக் ரூமில் போட்டுவிட்டு, அடுத்த ரயிலைப் பிடித்து சென்ட்ரல் ஸ்டேஷனில் இறங்கி, புருஷன் பெண்டாட்டி போலக் கை கோர்த்துக்கொண்டு உயிர் காலேஜ் பார்த்தார்கள். பிறகு லாட்ஜில் ரூம் எடுத்தார்கள். என் கண்ணால் பார்த்தேன். நம்பாவிட்டால் இதோ சாட்சி."

கடிதத்தின் அடியில், சோற்றுப் பசையால் இரண்டு சின்ன ரோஸ் நிறச் சீட்டுகள் ஒட்டியிருந்தன. சென்ட்ரலுக்குப் பக்கத்தில் இருந்த மிருகக்காட்சி சாலையின் நுழைவுச் சீட்டுகள். நம் பக்கத்தில் அதை யாரும் அப்படிச் சொல்வதில்லை. எழும்பூரில் இருக்கும் மியூசியம் செத்த காலேஜ், இது உயிர் காலேஜ்.

மரியசுந்தரம் கடிதத்தை வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். உறையைத் திருப்பினார். பாகூர் தபால் முத்திரை. பிறகு சீட்டுகளைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். இரண்டிலும் மேல் பாதியில் மஞ்சளாக ஒரு கறை. அந்த இடத்தில் காகிதம் கண்ணாடிபோல் ஊடுருவித் தெரிந்தது.

"உம் புருஷன் இன்னா சொல்றான்?" என்றார்.

"இத இன்னும் காட்டல பெரியப்பா. வந்த அன்னிக்கே கேட்டேன், நாள் பூரா இன்னா பண்ணீங்கன்னு. காலைல எழும்பூர்ல எறங்கினோம், பெங்களூர் மெயிலு ராத்திரிதான், அதுவரைக்கும் சென்ட்ரல்லயே பெஞ்சில குந்திகினு இருந்தோம்னு சொல்லிச்சு. உயிர் காலேஜ் பத்தி ஒரு வார்த்த இல்ல. பொய் சொல்லியிருக்குது பாத்தீங்களா?"

ஒரே ஒரு பொய். ஆனால் அது நேற்றிலிருந்து அவளுடைய எட்டு வருஷத்துக் கல்யாண வாழ்க்கையையும் பின்னோக்கிக் குடைந்துகொண்டு போயிருந்தது. தங்கை ரோசிக்குப் பத்தொன்பது வயது. இவன் சொல்லும் சப்பை ஜோக்குக்கெல்லாம் அவள் சிரிப்பாளே, எதற்கு? மாதா கோயில் திருவிழாவில் இரண்டு பேருக்கும் ஒரே அளவு பூ வாங்கி வந்தானே, பெண்டாட்டிக்கும் மச்சினிக்கும் ஒரே அளவா? ரோசிக்கு நர்ஸ் படிப்பு கிடைக்கவேண்டும் என்று பங்குச் சாமியாரிடம் மூன்று முறை போய் நின்றானே, தனக்காக எந்த வாசலில் நின்றான்? அப்போதெல்லாம் நல்ல மனுஷன் என்று நினைத்த ஒவ்வொன்றும் இப்போது வேறு முகம் காட்டியது.

அவள் இன்னொரு உறையையும் எடுத்தாள். தபால்தலை ஒட்டி, விலாசம் எழுதியிருந்தது. பெங்களூரில் ரோசி படிக்கப் போயிருந்த ஆஸ்பத்திரியை நடத்தும் கன்னியாஸ்திரி மதருக்கு.

"எந் தங்கச்சி நடத்த சரியில்ல, திருப்பி அனுப்பிடுங்கன்னு எழுதியிருக்கேன். சனிக்கிழம நாலு மணிக்குத் தபால் எடுக்க வருவாங்க. அதுக்குள்ள நெசம் தெரிஞ்சாச் சொல்லுங்க. இல்லாட்டி போட்டுருவேன்."

"அடிப்பாவி, அந்தப் பொண்ணு பொழப்பே போயிடும்டி!" என்றாள் அமிர்தம்.

"எம் பொழப்பு போச்சே?"

மரியசுந்தரம் கடிதத்தைக் கீழே வைத்தார். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"கூட எடுத்துகினு போன சாமான் இன்னா?"

"ஒரு சாக்கு மூட்டை. அரிசி, வடாம், ஊறுகா ஜாடி. நாந்தான் கட்டினேன். அப்புறம் ரோசி கையில ஒரு துணிப் பை."

"சாக்குக்குப் பூட்டு?"

"சாக்குக்கு யாராவது பூட்டு போடுவாங்களா பெரியப்பா? சணல் கயித்தால கட்டினேன்."

"ஊருக்குப் போறதுக்கு மொத நாள் வூட்ல யார் யார் இருந்தது?"

"ராத்திரி சாப்பாட்டுக்கு நாத்தனா அந்தோணி மேரி வந்திருந்தாங்க. பக்கத்து வூட்டு மணியம்மா. அதோட மில்லுல வேல செய்யற சிநேகிதர் மரியதாஸ். மூட்டைய எழும்பூர் க்ளோக் ரூம்ல போட்டுட்டு வெறுங்கைய வீசிகினு சென்ட்ரல் போயிடலாம்னு எம் புருஷன் பெருமையா சொல்லிகினு இருந்துச்சு."

"அன்னிக்கு அவன் போட்டிருந்த சட்டை?"

இந்தக் கேள்வி அவளுக்கு விளங்கவில்லை. "வெள்ளச் சட்டை. இடது தோள்லேருந்து பாக்கெட்டு வரைக்கும் ஊறுகா எண்ண எறங்கி உள்ளங்கை அகலத்துக்குக் கறை. ஜாடி வாயிக்கு நான் கட்டின துணி சரியில்ல போல. வந்த மறுநாள் அந்தோணி மேரி அண்ணிதான் பாத்துட்டு, இத அரிசி மாவு போட்டுத் தேய்க்கணும், உனக்கு வராதுன்னு சொல்லி எடுத்துகினு போயி தொவச்சுக் குடுத்தாங்க. பாதி போச்சு, பாதி போகல."

அமிர்தம் அதற்குள் சீட்டை மூக்கருகே கொண்டுபோய்விட்டாள். "ஏங்க, இதுல வெந்தய வாசன அடிக்குதுங்க!"

"தெரியும்" என்றார் மரியசுந்தரம். "சனிக்கிழம மூணு மணிக்கு உன் வூட்டுக்கு வரேன் அன்னாமேரி. அந்த மூணு பேரையும் வரச்சொல்லு. உம் புருஷன் கிட்ட அதுவரைக்கும் ஒண்ணும் கேக்காத."

கேட்காமல் இருப்பது சுலபமாக இல்லை. அன்று பிலவேந்திரன் மில்லிலிருந்து வந்து குளித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான். அவள் எதிரே உட்கார்ந்து அவன் விரல்களைப் பார்த்தாள். அந்த விரல்கள் இன்னொரு கையைக் கோர்த்திருந்தன. "இன்னாடி, கொழம்புல உப்பு இல்ல" என்றான். அவள் எழுந்துபோய் உப்பு ஜாடியை அவன் முன்னால் நங்கென்று வைத்துவிட்டுப் புறக்கடைக்குப் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை அமிர்தம் மூச்சு வாங்க அரியூருக்கே வந்துவிட்டாள். கோழிக்குத் தவிடு வாங்க வந்ததாகப் பேர்.

"கண்டுபுடிச்சிட்டேன்டி. மரியதாஸ்தான்!" என்று காதருகே சொன்னாள். "லெட்டர்ல பாகூர் முத்திரை இருந்துச்சில்ல? சோரியாங்குப்பத்துல அவன் அக்கா வூடு. திங்கக்கிழம பாகூர் வழியாத்தான் போயி வந்திருக்கான். மாசத்துக்கு ஒரு தரம் மெட்ராஸ் போறவனும் இந்த ஊர்ல அவன் ஒருத்தன்தான். இவங்களப் பாத்திருக்கான், எழுதிட்டான்."

"பெரியப்பா இன்னா சொன்னாரு?"

"அதுவா? நான் சொன்னத எல்லாம் கேட்டுட்டு, திங்கக்கிழம பாகூர் பக்கம் வேற யாரு போனாங்கன்னு கேட்டாரு. உன் நாத்தனாவும் குருவிநத்தம் போயிருக்கா, புருஷன் வூட்டு ஆளுங்களப் பாக்க. மணியம்மா எங்கயும் போகல. அதுக்கு எழுதவும் தெரியாது. எல்லாத்தையும் சொன்னேன். மறுபடி வாய மூடிகினாரு. இந்த மனுஷன் கூட முப்பது வருஷம் குடும்பம் நடத்தினதுக்கு நான் ஒரு தூண் கூட நடத்தியிருக்கலாம்."

அன்னாமேரிக்குச் சிரிப்பு வரவில்லை. மரியதாஸ் கண்ணால் பார்த்திருந்தால் எழுதியது உண்மை. அவளுக்கு வேண்டியது எழுதியவன் பேர் அல்ல. அன்றைக்கு என்ன நடந்தது என்பதுதான்.

சனிக்கிழமை மூன்று மணிக்கு மரியசுந்தரம் குடையை மடக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். கூடத்தில் பாய் விரித்திருந்தது. மணியம்மாள் வெற்றிலையோடு உட்கார்ந்திருந்தாள். மரியதாஸ் சுவரில் சாய்ந்திருந்தான். பிலவேந்திரனின் அக்கா அந்தோணி மேரி, இருபது வயது மகள் பிலோமினாவை வீட்டில் விட்டுவிட்டுத் தனியாக வந்திருந்தாள். அரை நாள் வேலை முடித்து வந்த பிலவேந்திரனுக்கு என்ன நடக்கிறதென்றே தெரியவில்லை. அன்னாமேரி மதருக்கு எழுதிய உறையை மடியில் செருகிக்கொண்டு கதவோரம் நின்றாள்.

மரியசுந்தரம் மொட்டைக் கடிதத்தை நிதானமாகப் படித்தார். சீட்டுகள் ஒட்டியிருந்த அடிப்பகுதியை மட்டும் கையால் மறைத்துக்கொண்டார். லாட்ஜ் என்ற இடம் வந்ததும் பிலவேந்திரன் எழுந்துவிட்டான்.

"எவன்டா அது எழுதினவன்? எந் தங்கச்சி மாதிரி அவ!"

"லாட்ஜா? இவனா?" மரியதாஸ் சிரித்தான். "காசு மிச்சம்னு டீக்கடையிலயே நின்னுகினு குடிக்கிறவன் இவன்."

"குந்து பிலவேந்திரா" என்றார் மரியசுந்தரம். "மரியதாஸ், நீ சொல்லு. எழும்பூர்ல ரயிலு ஏறினா சென்ட்ரல்ல எப்ப எறங்கலாம்?"

"எப்பவும் எறங்க முடியாது. எழும்பூர்ல கரண்டு வண்டி ஏறினா அடுத்தது பார்க் ஸ்டேஷன். அங்க எறங்கி ரோட்டத் தாண்டினா எதிர்ல சென்ட்ரல். நம்ம லைன் வண்டி எதுவும் சென்ட்ரல் உள்ள போகாது."

"இந்தக் கடுதாசில சென்ட்ரல் ஸ்டேஷன்ல எறங்கினாங்கன்னு இருக்கு. கூடவே போய்க் கண்ணால பாத்தவன் அப்படி எழுதமாட்டான். ஒரு தரம் மெட்ராஸ் போனவனே எழுதமாட்டான். அதனால மரியதாஸ் இல்ல."

அமிர்தம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அடுத்தது மூட்டை. நான் இருபத்திரண்டு வருஷம் அந்தச் சன்னலுக்குள்ள ஒக்காந்தவன். பூட்டு இல்லாத சாமான எழும்பூர்ல எடுக்கமாட்டாங்க. டிரங்குப் பெட்டிக்குக்கூட பூட்டு தொங்கினாத்தான் சீட்டு. நம்ம வில்லியனூர் ஸ்டேஷன் வேற. இங்க கோழியக்கூட போர்ட்டர் கிட்ட விட்டுட்டுச் சந்தைக்குப் போயிட்டு வரலாம். எல்லா ஸ்டேஷனும் இப்படித்தான்னு இந்த ஊர விட்டுப் போகாதவங்க நெனைப்பாங்க. பிலவேந்திரா, மூட்டைய எழும்பூர்ல வாங்கினானா?"

பிலவேந்திரன் தலையைச் சொறிந்தான். "இல்லீங்க. சாக்குக்கு ஏதுய்யா பூட்டு, தள்ளுன்னுட்டான். சென்ட்ரல்லயும் அதே கததான். நாள் பூரா தோள்ல சொமந்தேன்."

"வெறுங்கைய வீசிகினு போறேன்னு பேசினது யாரு?" என்றாள் மணியம்மாள்.

"ஆக, க்ளோக் ரூம் கதை நடந்த கதை இல்ல" என்றார் மரியசுந்தரம். "நடக்கப் போறதா மொத நாள் ராத்திரி இந்தக் கூடத்துல பேசின கதை. எழுதினவங்க மெட்ராஸ்ல எதையும் பாக்கல. இங்க சாப்பிட்டுகினே கேட்டதத்தான் எழுதியிருக்காங்க. லாட்ஜும் அதுல சேர்த்த உப்புதான்."

அன்னாமேரி கதவோரத்திலிருந்து முன்னால் வந்தாள். "அப்ப அந்தச் சீட்டு?" என்றாள். "அது பொய்யா?"

மரியசுந்தரம் கையை எடுத்துக் கடிதத்தின் அடியைக் காட்டினார். பிலவேந்திரனின் முகம் வெளுத்தது.

"சீட்டு நெசம். ஆனா ஒண்ணு யோசிம்மா. தூரத்துல நின்னு பாத்தவன் கைக்கு இவங்க வாங்கின சீட்டு எப்படி வரும்? இதுல எண்ணெக் கறை இருக்கு. வெந்தய வாசன இன்னும் போகல. மூட்டை இடது தோள்ல, எண்ணெ வழிஞ்சு எறங்கினது இடது பாக்கெட்டுல. சீட்டு அந்தப் பாக்கெட்டுல இருந்தப்ப எண்ணெ பட்டிருக்கு. ரெண்டு விஷயம் இதுலேருந்து தெரியுது. ஒண்ணு, சீட்டு வாங்கின அப்புறமும் மூட்டை இவன் தோள்லதான் இருந்துச்சு. சாக்கு மூட்டைய இடது தோள்ல ஏத்தி ரெண்டு கையாலயும் பிடிச்சுகினு போறவன் யாரோட கையையும் கோத்துகினு போகமுடியாது. ரெண்டாவது, இந்தச் சீட்டு மெட்ராஸ்லேருந்து வரல. சட்டைப் பாக்கெட்டுலேருந்து வந்துது."

அவர் நிறுத்திவிட்டார். பேர் எதையும் சொல்லவில்லை. எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மணியம்மாள் வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினாள். தெருவில் கரும்பு வண்டி ஒன்று கிறீச்சிட்டுக்கொண்டு போயிற்று.

"ஆமா, நாந்தான்" என்றாள் அந்தோணி மேரி.

"அக்கா!"

"இன்னாடா அக்கா? தொவைக்கறதுக்கு முன்ன பாக்கெட்டுல கைய வுட்டேன், வந்துச்சு. சாமியாரு மொதல்ல எம் பொண்ணு பேரத்தான் நர்ஸ் படிப்புக்கு எழுதினாரு. நீ மூணு தரம் போயி நின்னு அத உம் பொண்டாட்டி தங்கச்சிக்கு மாத்தின. கூடப் பொறந்தவ பொண்ணு ஒங் கண்ணுக்குத் தெரியல. எம் பொண்ணு சேத்துல நின்னு களை புடுங்கணும், அவ வெள்ள உடுத்திகினு பெங்களூர்ல நடக்கணுமா? அவள ரயிலேத்தினது மட்டும் இல்ல, ஊர் சுத்தியும் காட்டியிருக்க. அந்தச் சீட்டப் பாத்ததும் எனக்கு இங்க பத்திகினு எரிஞ்சுது." நெஞ்சில் ஓங்கி ஒரு அடி அடித்துக்கொண்டாள். அழவில்லை. எழுந்து, யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே போய்விட்டாள்.

அன்னாமேரி அவள் போவதைப் பார்த்தாள். கோபம் வரவேண்டிய இடத்தில் வரவில்லை என்பது அவளுக்கே பயமாக இருந்தது. அந்தோணி மேரி சொன்ன ஒவ்வொரு சொல்லும் தன் வாயில் இருந்து வந்ததுபோல் இருந்தது.

"அவ்வளவுதான்டி, முடிஞ்சுது. அந்த லெட்டரக் கிழிச்சுப் போடு" என்றாள் அமிர்தம்.

"முடியல பெரியம்மா." அவள் புருஷன் பக்கம் திரும்பினாள். "லாட்ஜு இல்ல. சரி. கையக் கோக்கல. அதுவும் சரி. உயிர் காலேஜ் போனத ஏன் மறைச்ச?"

பிலவேந்திரன் தரையைப் பார்த்தான். "ரெண்டு மணி இருக்கும். பெஞ்சில குந்தி குந்தி இடுப்பு போச்சு. வெளிய போர்டப் பாத்துட்டு ரோசி கேட்டா, மாமா, இவ்ளோ கிட்டக்க இருக்குதே, சிங்கத்தப் பாத்துட்டு வந்துடலாமேன்னு. போனோம். ஒரு கொரங்கு சாக்கப் புடிச்சு இழுத்துது, ரோசி சிரிச்ச சிரிப்புல..." சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டோம் என்று தெரிந்து நிறுத்தினான். "கல்யாணம் ஆன வருஷத்துலேருந்து சிங்கம் காட்டறேன், சிங்கம் காட்டறேன்னு உங்கிட்ட சொல்லிகினே இருந்தேன் இல்ல? எட்டு வருஷமா நீயும் கேட்டுகினு இருந்த. எந்த மூஞ்ச வெச்சிகினு வந்து சொல்லுவேன்?"

"சிங்கம் கத்திச்சா?"

"கத்திச்சு."

"அவ பயந்தாளா?"

பிலவேந்திரன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

லாட்ஜ் என்று படித்தபோது எரிந்ததைவிட இது அவளுக்கு அதிகமாக எரிந்தது. அது யாரோ கட்டிய பொய், இது நடந்தது. மூட்டையோடு ஒருவன் வியர்த்து நிற்க, பக்கத்தில் ஒருத்தி வாய்விட்டுச் சிரிக்க, கூண்டுக்குள் சிங்கம் கத்துகிறது. அந்த இடத்தில் நிற்கவேண்டியவள் ஜாடிக்குத் துணி கட்டி அனுப்பிவிட்டு இங்கே இருந்தாள். நேற்றெல்லாம் அந்தக் கடிதம் உண்மையாக இருக்கவேண்டும் என்று தன் மனதின் ஒரு மூலை விரும்பியது ஏன் என்று இப்போது அவளுக்குப் புரிந்தது. அது உண்மையானால் கோபப்பட ஊரே அனுமதிக்கும். சிங்கத்துக்காகக் கோபப்பட்டால் சிரிப்பார்கள்.

வெளியே தபால்காரர் சைக்கிள் மணி கேட்டது. மரியசுந்தரம் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அன்னாமேரி உறையோடு வாசலுக்கு இறங்கினாள். அமிர்தம் எழப்போனாள்; அவர் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

தெருமுனையில் தபால்பெட்டியைத் திறந்து கடிதங்களைப் பையில் அள்ளிக்கொண்டிருந்த தபால்காரர், "போடணுமாம்மா?" என்று கையை நீட்டினார். அன்னாமேரி உறையில் எழுதியிருந்த விலாசத்தைப் பார்த்தாள். அந்தோணி மேரியின் கடிதத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று யோசித்தாள். அதில் கையெழுத்து இல்லை, இதில் இருக்கிறது. அவ்வளவுதான்.

"இல்லிங்க, வெலாசம் தப்பு" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். அன்று சாயங்காலம் அது அடுப்புக்குள் போயிற்று.

ரோசி மூன்று வருஷம் படித்து முடித்து, பெங்களூரிலேயே நர்ஸ் வேலையில் சேர்ந்து, அங்கேயே கல்யாணம் செய்துகொண்டாள். இரண்டு கடிதங்களைப் பற்றியும் அவளுக்கு யாரும் சொல்லவில்லை. பிலோமினாவைக் குருவிநத்தத்தில் ஒரு கரும்பு விவசாயிக்குக் கட்டிக் கொடுத்தார்கள், மூன்று குழந்தைகள். அந்தோணி மேரி தம்பி வீட்டு வாசலை அதற்குப் பிறகு மிதிக்கவில்லை. கோயிலில் மட்டும் இரண்டு குடும்பமும் பார்த்துக்கொண்டது. மரியசுந்தரம் எழுபத்தொன்பதாம் வருஷம் தூக்கத்தில் இறந்தார். அமிர்தம் அதற்குப் பிறகு பத்து வருஷம் இருந்தாள். மரியதாஸ் மில்லில் மேஸ்திரி ஆனான். மணியம்மாள் மகனோடு நெய்வேலிக்குப் போய்விட்டாள். பிலவேந்திரன் மறு வருஷமும், அதற்கு அடுத்த வருஷமும் மெட்ராஸுக்கு வருகிறாயா என்று அன்னாமேரியைக் கூப்பிட்டான். இரண்டு முறையும் அவள் வரவில்லை என்று சொல்லிவிட்டாள். மூன்றாம் முறை அவன் கேட்கவில்லை. அவர்கள் கடைசிவரை அரியூரிலேயே, ஒரே வீட்டில் இருந்தார்கள்.